தோட்டாவின் அடியில் ஒரு வரலாறு

கல்வெட்டும் செப்பேடும் நாணயமுமே வரலாற்றுச் சான்றுகள் என மாணவர்க்குச் சொல்லி வருகின்றோம். ஆண்டு பொறித்த பொருள் எதுவாயினும் அதுவும் சான்றேயாம். குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்கெனச் செய்யப்பெற்ற பழைய துப்பாக்கித் தோட்டாக்களைத் தொகுப்போர் அமெரிக்காவில் உளர். அவர்கள் 1921-ஆம் ஆண்டுத் தோட்டாவுக்குத் தனியிடம் தருவது ஏன் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அந்நாட்டின் தேசியத் துப்பாக்கிப் போட்டிகள் 1903-இல் தொடங்கின. 1907-இல் ஒகாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையிலுள்ள கேம்ப் பெர்ரி அவற்றிற்குக் களமாயிற்று. 1921-ஆம் ஆண்டுப் போட்டிக்குத் தோட்டா செய்தளித்தது பிலடெல்பியாவின் பிராங்போர்டு படைக்கலச் சாலை. 1816-இல் தோன்றிய அச்சாலை 1977-இல் மூடப்பெற்றது.

அக்காலத்துக் குண்டின் மேலுறை, செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். குண்டு விரைந்து செல்லுங்கால் அவ்வுலோகம் குழலின் உட்புறத்தில் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டது. அதனால் குறி பிழைத்தது. அதனைக் கரைக்க அம்மோனியாக் கரைசல் வேண்டியிருந்தது. கறை படியாதிருக்கக் குண்டுக்கு மசகுப் பசை தடவும் வழக்கமும் சுடுவோரிடையே இருந்தது.

1921-இல் படைக்கலச் சாலையார் குண்டின்மேல் வெள்ளீயம் பூசினர். கறை படிவது குறைந்தது. ஆனால், அவ்வெள்ளீயம் பித்தளைக் கூட்டின் கழுத்தோடு பற்றவைத்தாற்போல் ஒட்டிற்று. சுடுவோரோ பழைய வழக்கப்படி பசையும் தடவினர். கழுத்து விரிந்து குண்டை விடுவதற்கு வேண்டிய சிறு இடைவெளியைப் பசை அடைத்தது. உள்ளழுத்தம் அபாய அளவுக்கு ஏறித் துப்பாக்கிகள் உடைந்தன. வெள்ளீயம் தனித்தும் பசை தனித்தும் நன்மை தந்தன; இரண்டும் கூடிய இடத்தில் தீங்கு பிறந்தது. 1922-இல் செம்பும் துத்தநாகமும் கலந்த உறை வந்தபின் இரண்டிற்கும் தேவை இல்லாது போயிற்று. ஜூலியன் ஹேச்சர் 1947-இல் வெளியிட்ட தம் நூலில் இவ்வரலாற்றை விளக்கியுள்ளார்.

இத்தோட்டாவின் அடியில் சாலையின் முதலெழுத்துகளும் ஆண்டின் ஈற்றிலக்கங்களும் உள. ஆயினும் அவை மட்டும் போதா. வெள்ளீயமும் வெண்ணிறம், நிக்கல் கலந்த உறையும் வெண்ணிறம். போட்டிக்குரியதெனச் சொல்லும் பெட்டிச் சீட்டு உடனிருந்தால்தான் சான்று நிறைவுறும். ஆகவே, பெட்டியை எறிந்து தோட்டாவை மட்டும் வைப்பவரும், பளபளக்கத் துலக்குபவரும் வரலாற்றைத் தம் கையாலேயே அழிப்பவராவர். ஏட்டுச்சுவடியின் இறுதி ஓலையைத் தொலைத்தல் போன்றதே அது.

மலேசியாவில் உரிமமின்றி ஒரு தோட்டாவும் வைத்திருத்தலாகாது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதனைத் தடுக்கிறது. எனவே நாம் தொகுக்க வேண்டியது தோட்டாவையன்று, அது தரும் பாடத்தையே. வெற்றிக் கேடயங்கள் வென்றவர் பெயரை மட்டும் காட்டும். அவ்வாண்டு நேர்ந்த பிழையையும் அது திருந்திய வகையையும் காட்டுவது விரலளவுப் பித்தளைக் கூடு. மாணவர்க்கு இரண்டையும் காட்டுதல் ஆசிரியர் கடன்.