சடக்குக்கு வெளியே

மலேசியாவில் ஃபோர் வீல் ஓட்டுபவர்களிடம் 'ஆர்எஃப்சி' என்று சொன்னால் போதும். ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச். 1997இல் லூயிஸ் வீ தொடங்கிய போட்டி. ஆண்டுக் கடைசியில் பருவமழை கொட்டும் நாட்களாகப் பார்த்து, பல நாட்டு வண்டிகள் வந்து நம் காட்டுச் சேற்றில் இறங்கும். மழை குறைந்தால் சுவையும் குறைந்தது என்பார்கள்.

அதன் சிறிய வடிவம் இன்று செபராங் பிறையிலும் தென் கெடாவிலும் வார இறுதிகளில் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு வண்டிகள், ஒரு தோட்டம், ஓடைக்கரையில் கூடாரம், இரவில் கோழி சுடுவது, மறுநாள் உடம்பெல்லாம் சேறு. வருகிறவர்களில் பாதிப் பேர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஆட்கள். 1972இல் அந்த வட்டாரம் தடையற்ற வணிக மண்டலமான பிறகு தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறையும் அதில் உண்டு. நானும் அந்த வகைதான்.

இந்தப் பொழுதுபோக்குக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரின் பொருள், 'சாலைக்கு வெளியே'. எனக்கு இடிப்பது அந்த 'வெளியே'தான். நாங்கள் போய்ச் சிக்கிக்கொள்ளும் பாதைகளில் பெரும்பாலானவை காடு அல்ல. யாரோ சம்பளத்துக்குப் போட்ட பாதைகள்.

முதலில் சாலைக் கதை. நம்ம ஊர்ப் பெரியவர்கள் தார்ச்சாலையை 'சடக்கு' என்பார்கள். வடக்கே இந்துஸ்தானியிலிருந்து வந்த சொல். பினாங்கில் தொடக்க காலச் சடக்குகளைப் போட்டவர்களும் கடல் தாண்டி வந்தவர்களே. 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே கொடியேற்றிய சில ஆண்டுகளிலேயே இந்தியாவிலிருந்து கைதிகளைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். வங்காளம், மதராஸ், பம்பாய் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் அவர்களில் இருந்தார்கள். மண் கொட்டினார்கள், கல் உடைத்தார்கள், பாலம் கட்டினார்கள். மீதமிருந்த கைதிகளை 1873இல் அந்தமானுக்கு மாற்றும்வரை இது நடந்தது. அவர்களை மேற்பார்த்த அதிகாரி மெக்நாயர் 1899இல் ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் கைதிகள் எழுதிய புத்தகம் எதுவும் நம் கையில் இல்லை.

அக்கரையில் கதை வேறு. 1800இல் கெடாவிடமிருந்து வாங்கிய கடலோர நிலம்தான் செபராங் பிறை. பத்து காவானிலும் நிபோங் திபால் பக்கமும் 19ஆம் நூற்றாண்டில் கரும்பு வந்தது. முதலில் சீனர்கள், பிறகு வெள்ளைக்காரத் துரைமார்கள். 1830களிலிருந்தே ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களை இறக்கினார்கள். அங்கே நிலம் தாழ்வு, சதுப்பு. அதனால் கால்வாய் வெட்டினார்கள். நீரை வடிக்கவும் அதுதான், வெட்டிய கரும்பைப் படகில் ஆலைக்குக் கொண்டுபோகவும் அதுதான். பக்கத்து ஊர் பாரிட் புந்தாரின் பெயரிலேயே 'பாரிட்' இருக்கிறது. மலாயில் வெட்டிய கால்வாய் என்று பொருள். சேற்றில் இறங்கி மண்வெட்டியால் வழி உண்டாக்கிய வேலை அது. 1910இல் மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை நின்றது. கரும்பும் போய் ரப்பர் வந்தது. ஆட்கள் கங்காணி மூலமாக வந்துகொண்டே இருந்தார்கள்.

ரப்பர் தோட்டத்தில் பாதை என்பது காலடிப் பாதைதான். விடியும் முன்னே பெரட்டு, பிறகு நிரைநிரையாக மரம். குளிர்ந்த காலையில்தான் பால் நன்றாக ஓடும், அதனால்தான் அந்த அவசரம். மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் மாட்டி, தோளில் வைத்து நிறுவைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சரிவில் கால் வழுக்கினால் அன்றைய உழைப்பு மண்ணோடு போயிற்று.

மழை வந்தால்? பால் வெட்ட முடியாது. ஈரப் பட்டையில் பால் கோட்டை விட்டு வழிந்து போகும், மங்கில் தண்ணீர் நிறையும். வேலை இல்லை என்றால் நாள்கூலியும் இல்லை. மழைக்காலம் தோட்டத்தில் கடன் வாங்கும் காலம்.

நிபோங் திபால் பக்கம் முப்பது வருஷம் பால் வெட்டிய என் பாட்டியிடம் எங்கள் வார இறுதித் திட்டத்தைச் சொன்னேன். "மழை பெய்யணும்னு வேண்டிக்கிட்டு, காசும் கட்டி, சேத்துல மாட்டிக்கிறதுக்கா போறீங்க?" என்று கேட்டார். கிண்டலாகக்கூட இல்லை, உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. "எங்களுக்கு மழைன்னா அடுப்பு எரியாதுப்பா" என்றார். ஆர்எஃப்சியின் அழகும் அவருடைய பசியும் ஒரே மழையில்தான் இருக்கின்றன.

இன்று நாங்கள் ஓட்டும் அகலமான செம்மண் பாதைகள் ரப்பர் காலத்தவை அல்ல, செம்பனையோடு வந்தவை. இந்நாட்டில் செம்பனையை வணிகமாக நட்டது 1917இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1930இல் மலாயாவைப் பற்றிய நாவலுக்காக கோன்கூர் பரிசு வாங்கினார். தோட்டத்தின் பெயரோ தமிழ். செம்பனைக் குலை கனமானது. வெட்டிய குலை சீக்கிரம் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். தோளில் தூக்கிக் கட்டுப்படியாகாது. ஆகவே டிராக்டரும் லாரியும் போக, தோட்டத்துக்குள் பாதை வலைபோல் பெருகியது. ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபோது பாதை அகலமானது, தேவைப்பட்ட ஆட்கள் குறைந்தார்கள். இரண்டும் ஒரே மாற்றத்தின் விளைவுகள்.

வண்டியின் கதையும் தோட்டத்துக்குத் தூரமில்லை. 1947இல் ரோவர் நிறுவனத்தின் மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சீ தீவில் இருந்த தன் பண்ணையில் ஒரு பழைய போர்க்கால ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மாற்றாக விவசாயிகளுக்கென்று உருவானதுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. பண்ணைக்குப் பிறந்த வண்டியைப் படைகள் இங்கே ஓட்டின. துரையும் ராணுவமும் வண்டியில் போன பாதையில் தொழிலாளி நடந்து போனார்.

பொறியாளனாக ஒன்று சொல்கிறேன். லோ ரேஞ்ச் கியர் செய்வது எளிய வேலை: வேகத்தைக் கொடுத்துவிட்டு விசையை வாங்குகிறது. பல வண்டிகளில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. டயர் காற்றை 32இலிருந்து 18க்கு இறக்கினால் மண்ணைத் தொடும் பரப்பு கூடி, வண்டி புதையாமல் நகரும். எங்கள் திறமை என்று நாங்கள் கொண்டாடுவதில் பாதி இந்தப் பல்சக்கரத்தின் வேலை. காண்டாக் கம்புக்கு அப்படி ஒரு கியர் கிடையாது. தோள்தான் கியர்.

அந்தப் பாதையை உழைத்தவர்களே சொந்தமாக்கப் பார்த்த முயற்சியும் உண்டு. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டாடி விற்க, லயத்திலிருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1960இல் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது. கெடாவின் புக்கிட் சிடிம் அவற்றில் ஒன்று. எல்லாரையும் காப்பாற்ற அது போதவில்லை. ஆனாலும் பால் வெட்டிய கை பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட வரலாறு அது.

இன்றைக்கு நிபோங் திபால் பக்கம் போகிற வண்டிக்காரர்களுக்குக் கலிடோனியாவின் '99 கதவு மாளிகை' தெரியும். ரம்ஸ்டென் குடும்பத்தின் பாழடைந்த துரை பங்களா. பேய் இருக்கிறதாம், படம் எடுக்கக் கூட்டம் வருகிறது. துரைக்குப் பேயாவது மிஞ்சியது. லயத்துக்கு அதுவும் இல்லை. பலகை வீடுகளைத் தள்ளிவிட்டால் ஒரே நாளில் செம்பனை நடலாம். பத்து காவானில் 2014இல் இரண்டாம் பாலம் திறந்த பிறகு, பழைய தோட்ட நிலம் தொழிற்பேட்டையும் அடுக்குமாடியுமாகிவிட்டது. அங்கே தார் போட்டாயிற்று; வண்டிக்காரர்கள் இன்னும் உள்ளே, இன்னொரு தோட்டத்துக்குப் போகிறார்கள்.

போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் பிடித்திருக்கிறது, இனியும் போவேன். ஆனால் ஏற்பாட்டாளர்கள் தரும் வழிவரைபடத்தில் ஓடை, மேடு, கூடாரத் திடல் எல்லாம் குறித்திருக்கும். லயம் இருந்த இடம், பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி எங்கே இருந்தன என்று ஒரு வரி இருக்காது. இதைச் சேர்க்கப் பெரிய ஆய்வு வேண்டாம். ஜிபிஎஸ் எல்லார் வண்டியிலும் இருக்கிறது. இடம் காட்டத் தெரிந்த தாத்தா பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவரை முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனால் ஒரு நாளில் ஒரு தோட்டம் முடிந்துவிடும். புள்ளி வைத்துப் பெயரை எழுதிவிடலாம். அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு எண்பது வயதாகிறது. அடுத்த மழைக்காலத்துக்குள் இதைச் செய்வது நல்லது.