சர்க்கரைக் கரைசலும் ஒரு நேர்கோடும்

சூடு கூடினால் இரசாயன மாற்றம் விரைவுபடும் என்பது அடுப்படியில் நிற்பவர் எவரும் அறிந்ததே. எவ்வளவு விரைவுபடும், ஏன் விரைவுபடும் என்னும் வினாக்களுக்கு விடை காணவோ ஐரோப்பிய அறிஞர்க்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி முழுதும் வேண்டியிருந்தது.

1850இல் ஜெர்மானியரான லுட்விக் வில்ஹெல்மி, அமிலம் கலந்த நீரில் கரும்புச் சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும் வேகத்தை அளந்தார். கரைசலைக் கலைக்காமல், அதனூடே செல்லும் ஒளியின் தளம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தே அளந்தார். அவ்வரிய ஆய்வை 1884இல் ஓஸ்ட்வால்ட் எடுத்துக்காட்டும்வரை பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை.

அளவுகள் பெருகின, வாய்பாடுகளும் பெருகின. வேகத்தின் மடக்கை வெப்பநிலையோடு நேர்கோடாக உயரும் என்று 1862இல் பிரெஞ்சு அறிஞர் பெர்த்தலோ கூறினார். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஹார்கோர்ட்டும் எஸ்ஸனும் ஹைட்ரஜன் பெராக்சைடு, அயோடைடு இவற்றின் வினையை நெடுங்காலம் ஆராய்ந்து, வேகம் தனி வெப்பநிலையின் ஓர் அடுக்காக உயரும் என்று 1895இல் வெளியிட்டனர்.

இதற்கிடையே, 1889இல், சுவீடன் நாட்டு ஸ்வாண்டே அரீனியஸ் அதே சர்க்கரை வினையை எடுத்துக்கொண்டு வேறொரு கேள்வி கேட்டார். ஒரு பாகை சூட்டுக்கு வேகம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூடுகிறது. மூலக்கூறுகளின் ஓட்டமோ நூற்றில் ஆறிலொரு பங்குதான் கூடுகிறது. மோதல் மிகுந்ததால் வேகம் மிகுந்தது என்றால் கணக்கு உதைக்கிறதே! ஆகவே, எல்லா மூலக்கூறுகளும் வினையில் இறங்குவதில்லை. போதிய ஆற்றல் பெற்ற மிகச் சிலவே இறங்குகின்றன. சூடு அச்சிலவற்றின் தொகையைப் பெருக்குகிறது என்று அவர் முடிவு செய்தார். 1884இல் வான்ட் ஹாஃப் சமநிலைக்குத் தந்த சமன்பாடு அவருக்குக் கைகொடுத்தது.

அதன் வரைபடம் எளிது. நிலையச்சில் வேக மாறிலியின் இயல் மடக்கை. கிடையச்சில் தனி வெப்பநிலையால் ஒன்றை வகுத்த ஈவு. செல்சியஸ் எண்ணோடு 273 கூட்டிய பிறகே வகுக்க வேண்டும். மாணவர் இடறுவது இங்கேதான். புள்ளிகள் கீழ்நோக்கிச் சாயும் நேர்கோட்டில் அமையும். சாய்வின் அளவை 8.314ஆல் பெருக்கினால், வினைக்கு வேண்டிய ஆற்றல் ஒரு மோலுக்கு இத்தனை ஜூல் என்று கிடைக்கும். சர்க்கரைக்கு அது நூறு கிலோஜூலுக்குச் சற்று மேல்.

கோடு நேராக வந்ததால்தான் அரீனியஸ் வென்றார் என்று எண்ணிவிடலாகாது. 0 முதல் 50 பாகை வரை அளந்தால் தனி வெப்பநிலை 273இலிருந்து 323க்கே நகர்கிறது. அக்குறுகிய இடைவெளியில் மூவர் வாய்பாடும் ஏறக்குறைய நேர்கோடே தரும். தாளைப் பார்த்துத் தீர்ப்புக் கூற இயலாது. 1912இலும் ஆக்ஸ்ஃபோர்டு இருவர் தம் வாய்பாட்டை விடவில்லை. ஆனால், அவ்வடுக்கு ஏன் ஒவ்வொரு வினைக்கும் வேறுபடுகிறது என்பதற்கு அவர்களிடம் விளக்கம் இல்லை. அரீனியஸின் சாய்வுக்கோ, மூலக்கூறு கடக்கவேண்டிய ஆற்றல் மேடு என்னும் பொருள் இருந்தது.