வெண்மலர் ஒளிப்படம்: காண்ட்ராஸ்டும் டோனும்

வெள்ளைப் பூவைப் படமெடுப்பதில் இரண்டு வேலைகள் உண்டு. பின்னணியிலிருந்து பூவைப் பிரித்துக் காட்டுவது காண்ட்ராஸ்டின் வேலை. பூவுக்குள் இதழின் வளைவையும் மடிப்பையும் நரம்பையும் காட்டுவது டோனின் வேலை. வெள்ளைக்கும் இளஞ்சாம்பலுக்கும் நடுவிலுள்ள மெல்லிய படிநிலைகளையே டோன் என்கிறோம். முன்னதற்கு அழுத்தம் வேண்டும், பின்னதற்கு மென்மை வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் கொண்டுவருவதுதான் சிரமம். கறுப்புத் துணியைப் பின்னால் தொங்கவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் எடுக்கும் படத்தில், பூ இருக்க வேண்டிய இடம் கத்தரித்து எடுத்த காகிதம்போல் தட்டையாகக் கிடக்கும்.

பெரும்பாலான வெள்ளை இதழ்களில் வெள்ளை நிறமி கிடையாது. உயிரணுக்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய காற்றறைகள் எல்லா அலைநீள ஒளியையும் சிதறடிப்பதால் இதழ் வெண்மையாகத் தெரிகிறது. ஜப்பானின் மலைக்காடுகளில் வளரும் டிஃபில்லேயா கிரேயி என்னும் செடியின் பூ, மழையில் நனைந்ததும் நிறமிழந்து மறுபக்கம் தெரியுமளவு தெளிந்துவிடும். காற்றிருந்த இடத்தில் நீர் புகுவதே காரணம். இப்படிச் சிதறடிக்கும் பரப்பு, தன்மேல் விழும் ஒளியின் நிறத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும். நிழலில் பூத்த நந்தியாவட்டையின் மேற்புறத்தில் வானத்து நீலம் படிந்திருக்கும், அடிப்புறத்தில் இலைப் பச்சை ஏறியிருக்கும். ஒயிட் பேலன்ஸை எப்படித் திருத்தினாலும் இரண்டும் ஒருசேரப் போகா. போகவும் வேண்டியதில்லை, இலேசான அந்த நிறபேதமே பல படங்களில் இதழுக்குக் கனம் தருகிறது.

ஒளியளவு

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். நடுச்சாம்பல் என்பது வழக்கமாக 18 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும் பரப்பு. அதை இருமுறை இரட்டித்தால் 72 சதவீதம், ஏறக்குறைய ஒரு வெள்ளை இதழின் அளவு. எனவே ஸ்பாட் மீட்டரை இதழிலேயே வைத்து அளந்தால், காட்டும் அளவைவிடச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) கூட்ட வேண்டும்; கூட்டாவிட்டால் மல்லிகை அழுக்குச் சாம்பலாக வரும். கரும்பச்சைக் கொடி நடுவே சிறிதாக ஒரு பூ மட்டும் இருந்து, மீட்டர் சட்டகம் முழுவதையும் அளந்தால் கதை தலைகீழ். இலையின் இருட்டைப் பார்த்து மீட்டர் ஒளியைக் கூட்டிவிடும், பூ வெளுத்துப்போகும். அங்கே குறைக்க வேண்டும். “வெள்ளைக்குக் கூட்டு” என்ற பாடத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் சறுக்குவது இங்கேதான்.

ஒளிப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த மண்டல முறை இந்தக் கணக்கைப் படிகளாக்கியது. 5-ஆம் மண்டலம் நடுச்சாம்பல். ஒவ்வொரு படிக்கும் ஒரு ஸ்டாப். இதழின் பெரும்பகுதியை 7-இலும், வெளிச்சம் நேராக விழும் விளிம்பை 8-இலும் வைத்தால் இழையமைப்பு தப்பும். டிஜிட்டல் கேமராவில் இதே வேலைக்கு ஹிஸ்டோகிராம் உதவும். மாலை வெயிலில் மொத்தப் பிரகாசக் கோடு சரியாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழியக்கூடும் என்பதால், மூன்று நிறங்களையும் தனித்தனியே பார்ப்பது நல்லது. ரா கோப்பாக இருந்தாலும் எல்லா நிறங்களிலும் வெளுத்துப்போன இதழை மீட்க முடியாது.

இமோஜன் கன்னிங்ஹாம்

இத்துறையில் முதலில் பார்க்க வேண்டியவர் அமெரிக்கரான இமோஜன் கன்னிங்ஹாம் (1883–1976). 1920-களில் மூன்று மகன்களை வளர்த்துக்கொண்டே, வீட்டுத் தோட்டத்துச் செடிகளைப் படமெடுத்தார். 1925-இல் எடுத்த ‘மேக்னோலியா பிளாசம்’ படத்தில் ஒரே பூ சட்டகத்தை நிறைக்கிறது. சாய்ந்துகொள்ளக் கறுப்புப் பின்னணி இல்லை. ஓர் இதழ் இன்னோர் இதழின்மேல் போடும் சாம்பல் நிழல்தான் பூவின் உருவத்தைத் தாங்குகிறது. நடுவிலுள்ள சூலகமும் மகரந்தத் தாள்களும் மட்டுமே படத்தின் கருமையான பகுதி. அதே பத்தாண்டில் அவர் எடுத்த ‘டூ காலாஸ்’ வேறு வழியில் செல்கிறது. இருண்ட பின்னணியில் சுருண்டு நிற்கும் வெண்மடல்கள். காலா லில்லியில் நாம் பூ என்று பார்ப்பது இதழன்று, மஞ்சரியைச் சூழ்ந்த மடல். இவ்வளவு வன்மையான காண்ட்ராஸ்டிலும் மடலின் வளைவு நெடுகச் சாம்பல் படிப்படியாக இறங்குவதைக் காணலாம். என் பார்வையில் மேக்னோலியாவே கடினமான சாதனை. அவர் 1932-இல் எஃப்/64 என்னும் ஒளிப்படக் கலைஞர் குழுவை நிறுவியவர்களுள் ஒருவராக இருந்தார்.

வெளிச்சமும் வடிகட்டியும்

உச்சிவெயில் ஆகாது. மேகமூட்டத்தில் டோன் எளிதாகக் கிடைக்கும், ஆனால் படம் சோம்பலாகத் தோன்றலாம். பூவின் ஒரு பக்கம் கறுப்பு அட்டையொன்றைப் பிடித்தால் அந்தப் பக்க இதழ்கள் சற்று இருண்டு வடிவம் எழும். பின்னொளியில் நரம்புகள் தெரியும். போலரைசர், இலைகளின் பளபளப்பைக் குறைத்துப் பச்சையை ஆழமாக்கும். கறுப்பு வெள்ளையில் சிவப்பு வடிகட்டி இலையைக் கருமையாக்கும். எல்லா நிறத்தையும் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூ மட்டும் அதே வெளிச்சத்தில் நிற்கும்.

வெள்ளைப் பின்னணியில் வெள்ளைப் பூவை எடுக்கும்போது, பின்னணி பூவைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் கூடுதலாக ஒளிர வேண்டும். அப்போதுதான் இதழின் ஓரம் மெல்லிய சாம்பல் கோடாகப் பிரிந்து நிற்கும்.