விழுந்த பல்லில் இருந்த உயிர்



அத்திப்பட்டில் என் இளமையில், பால்பல் விழுந்தால் அதைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவோம். பயனற்றதென்று நாங்கள் எறிந்த அப்பொருளை அறிஞர் சிலர் உற்று நோக்கிய வரலாற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

பல்லின் நடுவே பற்கூழ் என்னும் மென்மையான திசு உண்டு. சொத்தை அரிக்கும்போது பல்லின் உட்புறத்தில் புதிய டென்டின் ஓரளவு வளர்கிறது. அதைக் கட்டும் உயிரணுக்கள் எங்கிருந்து வருகின்றன? தன்னைப் பெருக்கிக்கொள்வதோடு வேறுவகை அணுவாகவும் மாறவல்ல குருத்தணு அங்கே மறைந்திருத்தல் வேண்டுமன்றோ?

2000-ஆம் ஆண்டில் ஸ்டான் குரோந்தோஸ், சாங்டாவ் ஷி முதலியோர் அமெரிக்காவில் இதனை ஆராய்ந்தனர். 19 முதல் 29 வயதுக்குட்பட்டோரிடம் அகற்றப்பட்ட ஞானப்பற்களை வெட்டிக் கூழை எடுத்தனர். நொதிகளில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டித் தனித்தனி அணுக்களாக்கித் தட்டில் இட்டனர். சில அணுக்கள் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் பெருகின. எலும்பு மஜ்ஜையில் இவ்வியல்பை முன்னரே கண்டவர் சோவியத் அறிஞர் பிரீடென்ஸ்டைன்.

ஒட்டியனவெல்லாம் குருத்தணுக்கள் ஆகுமா? ஆகா. ஆதலின் அவற்றைச் சுண்ணாம்புச் சத்துள்ள தூளில் ஏற்றி, நோயெதிர்ப்பாற்றல் குன்றிய எலிகளின் தோலடியில் வைத்தனர். மஜ்ஜையின் அணுக்கள் எலும்பைக் கட்டின. கூழின் அணுக்களோ டென்டினை ஒத்த பொருளைக் கட்டின! தோற்றத்தில் ஒத்த இரண்டும் தொழிலால் வேறுபட்டன. இவ்வரலாற்றில் என் உள்ளத்தைக் கவர்ந்த இடம் இதுவே.

பின்னர் ஒருநாள், தம் ஆறு வயது மகளின் விழுந்த பல்லுக்குள் செந்நிறத் திசு இருப்பதை ஷி கண்டார். அதனை ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்றார். 2003-இல் வெளிவந்த முடிவின்படி, விழுந்த வெட்டுப்பல் ஒவ்வொன்றிலும் கிடைத்தவை 12 முதல் 20 குருத்தணுக்களே. எனினும் அவை விரைந்து பெருகின.

இத்தகைய அணுக்களை அடையாளம் காண 2006-இல் பன்னாட்டு அறிஞர் குழுவொன்று இலக்கணம் வகுத்தது. அணு தட்டில் ஒட்ட வேண்டும். அதன் மேற்பரப்பில் சிடி 73, சிடி 90, சிடி 105 என்னும் புரதங்கள் இருக்க வேண்டும், குருதியணுவுக்குரிய சிடி 45 போன்றவை இருத்தலாகாது. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகிய மூவகை அணுவாகவும் மாற வேண்டும்.

குழந்தையின் பல்லை வங்கியில் சேமிக்கலாமா என்று பெற்றோர் வினவுவதுண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறை, தொப்புள்கொடிக் குருதியைச் சேமிக்க மட்டுமே இசைந்தது; பற்கூழ் முதலிய பிறவற்றை வணிக முறையில் சேமிக்க இசையவில்லை.