நாலு பாயிண்ட்... எழுபத்திரண்டு வருஷம்!

2005, செப்டம்பர் 24. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம். பாக்ஸிங் டே டெஸ்ட்டுக்காக விடிகாலையில் அலாரம் வைத்து எழுந்து டி.வி.யில் நாம் பார்த்திருக்கிறோமே... அதே மைதானம்தான். ஆனால், அன்றைக்கு அங்கே ஸ்டம்ப்பும் இல்லை, பேட்டும் இல்லை. முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அதைத் துரத்திக்கொண்டு 36 பேர். சுற்றிலும் 91,898 ரசிகர்கள்.

ஆஸ்திரேலியர்கள் செல்லமாக ‘ஃபுட்டி’ என்று கூப்பிடும் ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலின் இறுதி ஆட்டம். சிட்னி ஸ்வான்ஸ் 58, வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் 54. ஆட்டம் முடிய இன்னும் சில விநாடிகள்தான். அப்போது வெஸ்ட் கோஸ்ட்டின் டீன் காக்ஸ் பந்தை ஓங்கி உதைக்கிறார். அது சிட்னியின் கோல் கம்பங்களை நோக்கி வானத்தில் ஏறுகிறது. கீழே இரண்டு அணி வீரர்களும் ஒரு கூட்டமாகக் கூடி, கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

பந்து கொஞ்சம் மேலேயே இருக்கட்டும். அது இறங்குவதற்குள் ஒரு 72 வருஷக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அந்த நாலு பாயிண்ட்டின் எடை புரியும்.

முதலில் இந்த ஆட்டம். 1858-ல் டாம் வில்ஸ் என்ற மெல்போர்ன் கிரிக்கெட் வீரர் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ‘குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் சும்மா உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு ஃபுட்பால் கிளப் ஆரம்பிக்கலாமே’ என்பது சாராம்சம். அடுத்த வருஷமே நாலைந்து பேர் உட்கார்ந்து விதிகளை எழுதினார்கள். காலால் உதைக்கலாம், கையில் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தித் தள்ளலாம். ஒவ்வொரு முனையிலும் நாலு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், 6 பாயிண்ட். கொஞ்சம் விலகி ஓரக் கம்பத்துக்கு உள்ளே போனால் ‘பிஹைண்ட்’. ஆறுதல் பரிசாக 1 பாயிண்ட்.

இன்னொரு விதிதான் நம் கதைக்கு முக்கியம். ஒருவர் உதைத்த பந்தை, தரையில் படாமல் அந்தரத்தில் பிடித்தால் அதற்குப் பெயர் ‘மார்க்’. பிடித்தவரை யாரும் தொடக் கூடாது. நிதானமாகக் குறி பார்த்து உதைக்கலாம். பிடித்த கையோடு ஆட்டம் முடிகிற சைரன் ஊதினாலும் பரவாயில்லை, அந்த உதை செல்லும். ஆக, காக்ஸ் அனுப்பிய பந்தை அந்தக் கூட்டத்தில் வெஸ்ட் கோஸ்ட்காரர் ஒருவர் பிடித்துவிட்டால்? சைரனுக்குப் பிறகு ஒரு உதை, ஒரு கோல், 6 பாயிண்ட். சிட்னியின் கதை முடிந்தது!

இப்போது ஊருக்குப் போவோம். சிட்னிக்கு அல்ல, மெல்போர்னுக்கு. ஏனென்றால், சிட்னி ஸ்வான்ஸ் சிட்னியில் பிறந்த அணியே இல்லை!

மெல்போர்னில் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் நடக்கிற ஆல்பர்ட் பார்க் ஏரி இருக்கிறதல்லவா, அதன் கரையில்தான் இவர்களின் பழைய மைதானம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த தொழிலாளிகளின் பேட்டை அது. பெயர் சவுத் மெல்போர்ன். 1874-ல் ஆரம்பித்த கிளப். 1897-ல் விக்டோரியன் ஃபுட்பால் லீக் தொடங்கியபோது, அதில் இருந்த எட்டு அணிகளில் ஒன்று. சிவப்பு - வெள்ளைச் சட்டை. வாரம் பூரா மூட்டை தூக்கியவனும் மெஷின் ஓட்டியவனும் சனிக்கிழமை மத்தியானம் பொடிநடையாக மைதானத்துக்கு வந்து தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போவான். அந்தப் பேட்டைக்கு அதுதான் திருவிழா.

இந்த அணிக்கும் மயிரிழை வெற்றிக்கும் பூர்வஜென்மத் தொடர்பு உண்டு போலிருக்கிறது. 1909-ல் முதல் கப், கார்ல்டனை 2 பாயிண்ட்டில் ஜெயித்து வாங்கினார்கள். 1918-ல் இரண்டாவது, காலிங்வுட்டை 5 பாயிண்ட்டில் ஜெயித்து! 1933-ல்தான் ரிச்மண்டை 42 பாயிண்ட் வித்தியாசத்தில் சுளுவாக வீழ்த்தினார்கள்.

அந்த 1933 அணி ஒரு தனிக்கதை. உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த நேரம். ஒரு வீரருக்கு ஆட்டத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று லீக் சட்டம் போட்டிருந்தது. சவுத் மெல்போர்னின் தலைவர் ஆர்ச்சி கிராஃப்ட்ஸ், வரிசையாக மளிகைக் கடைகள் வைத்திருந்தவர். அவர் என்ன செய்தார்? ‘சம்பளம்தானே கூட்டக் கூடாது, வேலை கொடுக்கலாமே!’ என்று வெளி மாநில வீரர்களுக்குத் தன் கடைகளில் வேலை போட்டுக் கொடுத்து அழைத்து வந்தார். நிறையப் பேர் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தார்கள். அந்த மாநிலத்தின் சின்னம் கறுப்பு அன்னம். பத்திரிகைகள் சும்மா இருக்குமா? அணிக்கு ‘ஸ்வான்ஸ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

கவனியுங்கள். 2005-ல் எதிரே நிற்கிற வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸும் அதே மேற்கு ஆஸ்திரேலியாவின் அணிதான். பெயர் கொடுத்த மண்ணே கப்பைப் பிடுங்க வந்து நின்றது!

1933-க்குப் பிறகு ஆரம்பித்தது சோதனை. 1934-ல் பாப் பிராட் என்ற சவுத் மெல்போர்ன் வீரர் ஒரே சீசனில் 150 கோல் அடித்தார். 1971-ல் பீட்டர் ஹட்சன் அதைச் சமன் செய்தார். தாண்ட இதுவரை யாருமில்லை. அப்படிப்பட்டவர் இருந்தும் 1934 ஃபைனல் தோல்வி. 1935 ஃபைனலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது டிராமிலிருந்து இறங்கிய பிராட் மீது செங்கல் லாரி ஒன்று மோதியது. அவரால் ஆட முடியவில்லை. அணி 20 பாயிண்ட்டில் தோற்றது. லாரி டிரைவர் சவுத் மெல்போர்ன் ரசிகர் என்றும், மன்னிப்புக் கேட்டு ஒரு சிகரெட் பாக்கெட் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். 1936-லும் ஃபைனல், அதிலும் தோல்வி. 1945 ஃபைனல் அடிதடியிலேயே போனது. ‘ரத்தக் குளியல்’ என்றே அதற்குப் பெயர். அதிலும் தோல்வி.

அதற்கப்புறம் 50 வருஷம் ஃபைனல் வாசலையே மிதிக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் கிளப்பின் கஜானா காலி. கடன் கழுத்தை நெரித்தது. ‘சிட்னிக்குப் போய் ஆடுங்கள், பிழைத்துக்கொள்ளலாம்’ என்றது லீக். சிட்னி, ரக்பி ஊர். ஃபுட்டி என்றால் உதட்டைப் பிதுக்குகிற ஊர். பேட்டை கொதித்தது. ‘சவுத் அணி சவுத்திலேயே இருக்கட்டும்’ என்று ரசிகர்கள் இயக்கமே நடத்தினார்கள். 1981-ல் கிளப் நிர்வாகத்தையும் கைப்பற்றினார்கள். ஆனால், சம்பளம் வராத வீரர்கள் சிட்னிக்குப் போகவே விரும்பினார்கள். பாசம் ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். பசிதான் ஜெயித்தது. 1982-ல் அணி, வீட்டு ஆட்டங்களை சிட்னியில் ஆட ஆரம்பித்தது. அடுத்த வருஷம் பெயரும் போனது. சிட்னி ஸ்வான்ஸ்!

ஒரு ரசிகனாக அவன் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த அணி. ஒருநாள் காலையில், அது 700 கிலோமீட்டருக்கு அப்பால் இன்னொரு ஊர்ப் பெயரில் ஆடுகிறது. டி.வி.யில் பார்த்துக் கைதட்டுவதா, சேனலை மாற்றுவதா? பலர் மாற்றினார்கள். சிலர் வாழ்நாள் முழுக்க மன்னிக்கவே இல்லை. இன்னும் சிலர் மட்டும், மெல்போர்னுக்கு விருந்தாளியாக வந்து ஆடும்போதெல்லாம் பழைய மஃப்ளரைக் கட்டிக்கொண்டு போய் நின்றார்கள்.

சிட்னியிலாவது வாழ்ந்ததா? 1985-ல் ஜெஃப்ரி எடெல்ஸ்டன் என்ற டாக்டர் கிளப்பையே விலைக்கு வாங்கினார். கொஞ்ச நாள் ஜிலுஜிலு விளம்பரம், ஆட்டம் பாட்டம். 1988-ல் கிளப் மறுபடி லீக்கின் தலையிலேயே வந்து விழுந்தது. 1992, 93-ல் தொடர்ந்து 26 தோல்விகள்! இழுத்து மூடிவிடலாம் என்றே பேச்சு வந்தது.

அப்போது வந்து சேர்ந்தார் டோனி லாக்கெட். மலை மாதிரி ஆள். 1996-ல் அரையிறுதி போன்ற ‘பிரிலிமினரி ஃபைனல்’. எஸண்டன் அணியோடு ஸ்கோர் சமம். கடைசி நொடிகளில் லாக்கெட் கையில் மார்க். சைரன் ஊதிவிட்டது. கம்பம் 50 மீட்டருக்கு அப்பால். தொடை இடுக்கில் காயம் வேறு. உதைத்தார். கோல் இல்லை, பிஹைண்ட்தான். ஆனால், அந்த ஒரு பாயிண்ட் போதுமே! 70-69. மைதானமே உள்ளே இறங்கிவிட்டது. அடுத்த வாரம் ஃபைனலில் நார்த் மெல்போர்னிடம் தோற்றார்கள். ஆனாலும், சிட்னிக்காரன் முதல்முறையாக இந்த அணியை ‘நம்ம ஆளுங்க’ என்று சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான்.

2002-ல் கோச் நாற்காலி காலியானது. தற்காலிகமாக உட்கார்ந்தவர் முன்னாள் வீரர் பால் ரூஸ். நிர்வாகத்தின் மனசில் வேறு ஆள். ரசிகர்களோ ‘ரூஸ்தான் வேணும்’ என்று மைதானத்தில் குரல் கொடுத்தார்கள். ஜெயித்தது ரசிகர் குரல். அந்த ரூஸ் யார் தெரியுமா? ஃபிட்ஸ்ராய் என்ற மெல்போர்ன் கிளப்புக்காக 269 ஆட்டங்கள் ஆடியவர். அந்த ஃபிட்ஸ்ராயும் கடனில் மூழ்கி, 1996-ல் பிரிஸ்பேன் அணியோடு கரைந்துபோனது. ஊரை இழந்த கிளப்பின் வலி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரூஸின் அணி அழகாக ஆடாது. கூட்டமாகச் சூழ்ந்து, எதிரியை மூச்சுவிடாமல் பிடிக்கும். 2005-ல் லீக்கின் தலைமை நிர்வாகியே ‘இப்படி ஆடினால் உருப்படாது’ என்கிற ரீதியில் வெளிப்படையாகப் பேசினார். அணி காதில் வாங்கவில்லை. பிளேஆஃப் முதல் ஆட்டத்தில் இதே வெஸ்ட் கோஸ்ட்டிடம் 4 பாயிண்ட்டில் தோல்வி. அடுத்து ஜீலாங். கடைசிக் கால்பகுதியில் 23 பாயிண்ட் பின்தங்கிய நிலை. அவ்வளவுதான், மூட்டை கட்டலாம் என்றிருந்தபோது நிக் டேவிஸ் என்ற ஒரே ஆள் நாலு கோல் போட்டார். நாலாவது, சில விநாடிகள் மிச்சமிருக்கும்போது! 3 பாயிண்ட்டில் வெற்றி. பிறகு செயின்ட் கில்டாவை வீழ்த்தி... இதோ, ஃபைனல்.

சரி, பந்து இறங்குகிறது.

கூட்டத்துக்குப் பக்கவாட்டிலிருந்து ஓடி வருகிறார் சிட்னியின் தடுப்பாட்டக்காரர் லியோ பேரி. ஆள் அப்படியொன்றும் உயரமில்லை. ஆனால், தாவுவதில் மன்னன். சக வீரர்கள், எதிரிகள் எல்லோர் தலைக்கும் மேலே பறந்து, இரண்டு கையாலும் பந்தை இறுக்கிக்கொண்டு கீழே விழுகிறார். மார்க்! அடுத்த கணம் சைரன்.

58-54. சிட்னிக்கு 8 கோல், 10 பிஹைண்ட். வெஸ்ட் கோஸ்ட்டுக்கு 7 கோல், 12 பிஹைண்ட். கம்பங்களுக்குள் பந்தை அதிகம் முறை அனுப்பியது தோற்ற அணிதான்! ஆட்டநாயகன் விருதும் அந்த அணியின் கிறிஸ் ஜட்டுக்குத்தான் போனது.

ரூஸ் கப்பைத் தூக்கினார். மைக்கில் அவர் சிட்னி என்று மட்டும் சொல்லியிருக்கலாம். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், சவுத் மெல்போர்ன் பெயரையும் சேர்த்துச் சொல்லி, ‘72 வருஷமாகக் காத்திருந்தவர்களுக்கு... இதோ!’ என்றார். நான் இந்த அணியின் பக்கம் சாய்ந்தது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

அடுத்த வருஷம் மறுபடி இதே இரண்டு அணிகள், இதே ஃபைனல். வெஸ்ட் கோஸ்ட் 85, சிட்னி 84. கடவுள் கணக்கு சரிபார்த்தார் போல! 2012-ல் சிட்னி இன்னொரு கப் வாங்கியது. அதற்கப்புறம் 2014, 2016, 2022, 2024 என்று நாலு ஃபைனல்களில் தோல்வி. பரம்பரைச் சொத்து, அவ்வளவு லேசில் போகுமா?

அந்தக் கப் சவுத் மெல்போர்னுக்கு எதைத் திருப்பிக் கொடுத்தது? மைதானத்தைக் கொடுக்கவில்லை. ஏரிக்கரையில் இன்று தடகளமும் சாக்கரும்தான் நடக்கின்றன. சனிக்கிழமை பொடிநடையும் திரும்பி வரவில்லை. கிளப்பைக் கொண்டுபோனவர்கள் செய்தது நியாயம் என்றும் ஆகிவிடவில்லை. ஆனால், 23 வருஷம் ‘போன அணிக்கு எதுக்கய்யா இன்னும் கத்துறே?’ என்று கேலி கேட்டவனுக்கு, பழைய மஃப்ளரைக் கழற்றாத அந்த ரசிகனின் கையில் ஒரு பதில் கிடைத்தது.

சிட்னி ஸ்வான்ஸ் ஜெர்ஸியைப் பின்னாலிருந்து பாருங்கள். காலருக்குக் கீழே பொடி எழுத்தில் எஸ்.எம்.எஃப்.சி. என்று இருக்கும். சவுத் மெல்போர்ன் ஃபுட்பால் கிளப். ஊர் மாறலாம், முதலாளி மாறலாம். பிறந்த வீட்டு இனிஷியலை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்!