செப்பனிடுவதா, பெயர்வதா: செம்பாக்கத்துக் குடும்ப வீட்டின் வரலாறு

தாம்பரத்துக்குக் கிழக்கே வேளச்சேரிச் சாலையை ஒட்டியுள்ள செம்பாக்கத்தில், பெற்றோர் கட்டிய வீட்டைச் செப்பனிட்டு அதிலேயே வாழ்வதா, அதை விட்டு வேறிடம் செல்வதா என்ற கேள்வி, ஒவ்வொரு குடும்பமும் தன் வருமானத்தையும் பிள்ளைகளின் வேலையையும் எண்ணிப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள வேண்டிய சொந்த விவகாரமாகவே இன்று கருதப்படுகிறது. ஆனால் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் இருநூற்றைம்பது ஆண்டு வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது, எந்த வீடு நிலைத்தது, எது கைவிடப்பட்டது என்பதை வீட்டாரின் விருப்பத்தைக் காட்டிலும் மனையின் மீதான உரிமை, ஏரி நீரின் போக்கு, வாரிசுச் சட்டம், கட்டட விதி ஆகிய நான்குமே பெரிதும் தீர்மானித்து வந்திருப்பது தெரியவரும்.

சென்னையைச் சூழ்ந்த இந்நிலப்பரப்பை 1763ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாபு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாயை அனுபவிக்கும் மானியமாக, வழங்கினார். அதன் ஊர்களில் எத்தனை வீடுகள், ஏரிகள், மானிய நிலங்கள் இருந்தன என்பதை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்னும் பொறியாளர் ஊர் ஊராக அளந்து பதிவுசெய்தார். அக்காலத்துக் குடிகள் மண்ணோடு ஒட்டிக் கிடந்தவர்கள் என்று எண்ணுவது பிழை. நிலத்தின் மீது பரம்பரை உரிமை பெற்றிருந்த மிராசுதாரர்களுக்குக் கீழே, ஊரிலேயே தங்கிப் பயிரிட்ட உள்குடிகளும், வேற்றூரிலிருந்து வந்து பயிரிட்டுப் போன புறக்குடிகளும் இருந்தனர். வரி கூடியபோதோ ஏரி உடைந்தபோதோ குடிகள் வீட்டைப் பூட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் பெயர்ந்தனர். 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் வரி ஏற்பாட்டை இறுக்கியபோது, மிராசுதாரர்களே ஊரை விட்டு வெளியேறித் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தனர். ஆகவே, வீட்டை விட்டுப் போவது அன்று பிழைப்புக்கான வழியாக இருந்ததோடு அரசோடு பேரம் பேசும் கருவியாகவும் விளங்கியது.

இத்தகைய பெயர்ச்சி எளிதாக நடந்ததற்கு வீட்டின் இயல்பும் ஒரு காரணம். அருகிலுள்ள மாடம்பாக்கத்தில் சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயில் இன்றும் நிற்கிறது. ஆனால் அக்கோயிலைச் சுற்றி வாழ்ந்தோரின் வீடுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஏனெனில் கல் கோயிலுக்கு உரியதாக இருக்க, குடிகளின் வீடுகள் மண்சுவராலும் ஓலை அல்லது வைக்கோல் கூரையாலும் ஆனவை. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கூரையைப் பிரித்துப் புதிதாக வேய்வதும், கரைந்த சுவருக்கு மண் அப்பி மெழுகுவதும், நாட்டு ஓடு போட்ட வீடானால் உடைந்த ஓடுகளைக் களைந்து மாற்றுவதும் வழக்கமான வேலைகளாக இருந்தன. செப்பனிடுதல் என்பது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை எடுக்கும் பெரிய முடிவாக இல்லாமல், உழவைப் போலவே பருவந்தோறும் செய்யும் கடமையாக இருந்தது.

ஆயினும் அந்தக் கடமையைச் செய்யும் உரிமை எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. நத்தம் எனப்படும் ஊர்க் குடியிருப்பு நிலத்தின் மீதும் சேரி மனைகளின் மீதும் மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடியதால், தாழ்த்தப்பட்ட மக்கள் தாங்கள் எழுப்பிய குடிசையிலிருந்தே எந்நேரமும் வெளியேற்றப்படக்கூடிய நிலையில் இருந்தனர் என்பதையும், அந்த அச்சமே அவர்களைக் குறைந்த கூலிக்குக் கட்டிவைத்தது என்பதையும் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891ஆம் ஆண்டு அரசுக்கு எழுதிய குறிப்பில் எடுத்துக்காட்டினார். பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர்பெற்ற நில ஒதுக்கீடு 1892ஆம் ஆண்டு அரசாணையோடு தொடங்கியது. வேளாண் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் வருவதற்கோ 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டைச் செப்பனிடுவதா பெயர்வதா என்று தாமே முடிவெடுக்கும் உரிமை பலருக்கு மிகப் பிந்தியே கிடைத்தது என்பதை இவ்வரலாற்றில் மறக்கலாகாது.

ஊர் புறநகராக மாறியதற்கு இருப்புப்பாதை அடிகோலியது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. செம்பாக்கத்தின் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் மனைகளாகப் பிரிந்தது அதற்கு வெகுகாலம் பின்னர், நகரில் மனை வாங்க இயலாத அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் தொழிற்சாலைப் பணியாளர்களும் தெற்கே வந்தபோது நிகழ்ந்தது. அவர்களில் பலர் வேறு மாவட்டங்களில் பூர்வீக வீட்டை விட்டு வந்தவர்கள். செம்பாக்கத்தில் இன்று ‘அப்பா கட்டிய வீடு’ என்று பிள்ளைகள் போற்றும் கட்டடம், பெரும்பாலும் முந்திய தலைமுறை ஒருமுறை பெயர்ந்ததன் விளைவே.

அந்த வீடு கட்டப்பட்ட முறையிலேயே எதிர்காலம் குறித்த ஒரு கணக்கு அடங்கியிருந்தது. வருங்கால வைப்பு நிதியும் நகைக்கடனும் கூட்டுறவுச் சங்கக் கடனும் சேர்ந்து தரைத்தளத்துக்கு மட்டுமே போதுமானதாக இருந்ததால், ஒன்பது அங்குலச் செங்கற்சுவரின் மேல் கான்கிரீட் தளம் போட்டு, மொட்டை மாடியின் மூலைகளில் தூண் கம்பிகளை நீட்டி விட்டனர். மகன் தலையெடுத்ததும் மாடி எழும்பும் என்பது அக்கம்பிகளின் பொருள். மாடி எழும்பாத வீடுகளில், முப்பது ஆண்டு மழையும் வெயிலும் பட்டு அக்கம்பிகள் துருவேறி, துரு உள்ளிறங்கி, கான்கிரீட்டை வெடிக்கச் செய்தது. சுவரே பாரம் தாங்கும் வீட்டில் தூண்கள் பெயரளவுக்கே இருப்பதுண்டு. அதன்மேல் இரண்டு தளம் ஏற்றலாமா என்பதைக் கட்டுமானப் பொறியாளர் சோதித்துத்தான் கூற முடியும்.

உரிமை ஆவணத்திலும் இதே அரைகுறை நிலை காணப்பட்டது. நகர்ப்புற வளர்ச்சி ஆணையத்தின் ஒப்புதல் இன்றி, ஊராட்சி அளவிலான அனுமதியை மட்டுமே வைத்து விற்கப்பட்ட ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனைகள் சென்னைப் புறநகரெங்கும் பெருகியிருந்தன. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தபோது, அத்தகைய மனையில் குடியிருந்தோர் விற்கவும் இயலாமல், விரிவாக்க அனுமதி பெறவும் இயலாமல் திகைத்தனர். 2017 மே மாதம் வந்த விதிகளின்படி, கட்டணம் செலுத்தி மனையை முறைப்படுத்தும் ‘வரன்முறை’ நடைமுறை ஏற்பட்ட பின்னரே அந்த முட்டுக்கட்டை தளர்ந்தது.

நீரின் கதை இன்னும் பழையது. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், சிட்லப்பாக்கம் ஏரிகளின் மிகைநீர் செம்பாக்கம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. ஓர் ஏரி நிரம்பி அடுத்ததை நிரப்பும் இந்த அமைப்பு ஏரிச்சங்கிலி எனப்படும். கால்வாய்கள் சுருங்கி, பாசன வயல்கள் தெருக்களாக மாறியபின், வெள்ளம் தன் பழைய தடத்தைத் தேடி வீடுகளுக்குள் நுழைந்தது. 2015 டிசம்பர் முதல் நாளிலும் அதற்கடுத்த இரவிலும் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 சென்டிமீட்டர் மழை பதிவானபோது, தென்சென்னைப் புறநகர் முழுவதும் அந்த உண்மையைக் கண்கூடாகக் கண்டது.

பெருவெள்ளம் எப்போதாவது வருவது. சாலை உயர்வதோ நாள்தோறும் தொல்லை தருவது. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச்சாலை போட்டுவந்ததால், வாசற்படி ஏறி நுழைந்த வீடுகள் படியிறங்கி நுழையும் வீடுகளாயின. சாலையைச் சுரண்டிய பின்னரே மறுபடி போட வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தலைமைச் செயலாளர் அறிவுறுத்த நேர்ந்ததே இச்சிக்கலின் பரப்பைக் காட்டும். இடிக்கவும் மனமின்றி, பெயரவும் மனமில்லாத குடும்பங்கள் மூன்றாவது வழியாக வீட்டையே உயர்த்தின. சுவரின் அடியை ஒட்டிப் பள்ளம் தோண்டி, அடித்தளத்துக்கு மேலே சுவரைச் சிறிது சிறிதாக அறுத்து, இடைவெளியில் இரும்புச் சட்டங்களையும் அவற்றின் கீழ் நெருக்கமாக ஜாக்கிகளையும் வைக்கின்றனர். ஒரே குரலுக்கு எல்லா ஜாக்கிகளையும் ஒரே அளவு திருகி, சில அங்குலம் ஏறியதும் கீழே செங்கல் கட்டி நிரப்பி, மீண்டும் திருகுகின்றனர். ஒரு ஜாக்கி பிந்தினாலும் சுவரில் விரிசல் விழும் என்பதால், இது பொறுமையும் அனுபவமும் மிக வேண்டும் வேலை.

இவ்வளவு முயன்று காத்த வீடும் பெற்றோரின் மறைவுக்குப்பின் பெரும்பாலும் இடிக்கப்படுவதன் காரணத்தை வாரிசுச் சட்டத்தில் தேட வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்தில் மகனுக்கு இணையான பங்கை மகளுக்கும் தந்தது. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் தாமே பிரித்துக்கொள்ள முன்வரும் வரை, பெண் வாரிசு பாகப்பிரிவினை கோர இயலாது என்று அதன் 23ஆம் பிரிவு தடுத்தது. கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகளுக்குப் பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989இலேயே அளித்திருந்தும், குடியிருக்கும் வீட்டின் மீதான தடை 2005இல் நாடாளுமன்றம் அப்பிரிவை நீக்கிய பிறகே அகன்றது. அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்து ஒதுங்கும் வழக்கம் மெல்லத் தளர்ந்து, வீட்டின் எதிர்காலம் பற்றிய பேச்சில் சகோதரிகளுக்கும் உரிய இடம் கிடைத்தது. நெடுங்காலம் மறுக்கப்பட்ட நீதி இது. ஆனால் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டை மூவருக்கோ நால்வருக்கோ பிரித்துக் கொடுக்க எந்தச் சுவராலும் முடியாது.

இந்த இடத்தில்தான் கட்டட விதி துணைக்கு வந்தது. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைக் குறிக்கும் தளப்பரப்புக் குறியீடு, சாதாரணக் குடியிருப்புகளுக்கு முன்பு 1.5 ஆக இருந்து, 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளால் 2 ஆக உயர்ந்தது. ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி மனையில், 3600 சதுர அடிக்குப் பதிலாக 4800 சதுர அடி வரை கட்ட இடமேற்பட்டது. பேச்சுவழக்கில் ‘ஜேவி’ எனப்படும் கூட்டு முயற்சி ஒப்பந்தத்தில், மனை உரிமையாளர் நிலத்தைத் தர, கட்டுநர் தம் செலவில் கட்டி, சில வீடுகளை உரிமையாளருக்குக் கொடுத்து, மற்றவற்றைப் பிரிபடாத மனைப் பங்கோடு விற்றுக்கொள்கிறார். பாகம் பிரிக்க முடியாத ஒரு வீடு, ஆளுக்கொன்றாகப் பிரிக்கத்தக்க பல வீடுகளாகிறது. செம்பாக்கம் போன்ற ஊர்களில் இவ்வொப்பந்தம் பரவியதற்கு லாப ஆசையை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது. பாகப்பிரிவினைக்கான புதிய கருவியாகவே அது வேரூன்றியது.

இக்கருவி குடும்பச் சிக்கலைத் தீர்த்தாலும் ஊரின் சிக்கலைக் கூட்டுகிறது. தோட்டமும் கிணறும் இருந்த இடம் வாகன நிறுத்தத் தரையாக மூடப்படும்போது, மழையை உள்வாங்கும் மண் குறைந்து, அந்நீர் உயர்த்தப்படாத பக்கத்து வீட்டுக்குச் செல்கிறது. மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இலேயே கட்டாயமாக்கியும் இந்த இழப்பை அது முழுதும் ஈடுசெய்யவில்லை. கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐஐடி, தி நேச்சர் கன்சர்வன்சி ஆகியவை சேர்ந்து செம்பாக்கம் ஏரியை மீட்டெடுக்க மேற்கொண்ட பணியும், நகராட்சியாக இருந்த செம்பாக்கத்தை 2021 நவம்பரில் தன்னுள் சேர்த்துக்கொண்ட தாம்பரம் மாநகராட்சியின் பொறுப்பும் இதனால் தனி வீட்டு உரிமையாளரின் கணக்கோடு நேரடியாகத் தொடர்புடையவை ஆகின்றன.

அடுக்குமாடிக்கு மாறியதோடு கேள்வி முடிந்துவிடுவதும் இல்லை. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட வழிசெய்துள்ளது. ஒரு குடும்பத்துக்குள் நடந்த வாதம் இனி அண்டை வீட்டாரின் வாக்கெடுப்பாக மாறும். ஆகவே இன்று முடிவெடுக்கும் குடும்பம், வீட்டின் வயதுக்கு முன்னதாக மனையின் மட்டத்தையும் ஏரிக்கால்வாயின் நிலையையும் மனையின் ஆவணத்தையும் பார்ப்பதும், எல்லா வாரிசுகளின் ஒப்புதலைத் தொடக்கத்திலேயே பெறுவதும், சுவரும் தளமும் உறுதியாக உள்ள வீட்டை இடிக்குமுன் செப்பனிடும் செலவை நேர்மையாகக் கணக்கிடுவதும் அவசியம். அதே அளவுக்குச் சாலை மட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் நீர்வழியைத் திறந்து வைப்பதும் அரசின் கடமையாகும். அக்கடமை நிறைவேறாத ஊரில், வீட்டைக் காக்க விரும்பும் குடும்பத்துக்கு உண்மையான தேர்வு என்று ஒன்று இருக்க முடியாது.