ஒற்றுமையும் தொண்டும்: காயிதே ஆஸம் வாழ்வு தரும் இரு பாடங்கள்

 

1947 ஓகஸ்ட் 14ஆம் திகதி பாகிஸ்தான் என்னும் நாடு உதயமாயிற்று. நான்கே நாட்களில், ஓகஸ்ட் 18ஆம் திகதி, அம்மக்களை நோன்புப் பெருநாள் வந்தடைந்தது. ஆனால் அது மகிழ்ச்சியோடு கொண்டாடப்பட்ட பெருநாளன்று. பஞ்சாப் பற்றி எரிந்துகொண்டிருந்தது. பிரிவினையால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் எல்லையின் இரு திசைகளிலும் இடம்பெயர்ந்தனர். முஸ்லிம்கள், இந்துக்கள், சீக்கியர்கள் என எல்லாச் சமூகத்தவரும் உயிரிழந்தனர்.

அந்த வேளையிலேதான் நாட்டின் நிறுவுநரும் முதலாவது ஆளுநர் நாயகமுமான காயிதே ஆஸம் முஹம்மத் அலி ஜின்னா ஒற்றுமையையும் தொண்டையும் வலியுறுத்தி மக்களை அழைத்தார். நம்பிக்கை, ஒற்றுமை, கட்டுப்பாடு என்னும் மூன்று சொற்களும் அவரது அழைப்பின் அடிநாதமாயின. அதே ஆண்டு ஒக்டோபரில் வந்த ஹஜ்ஜுப் பெருநாளின்போது, நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் தியாகத்தை நினைவூட்டி, சோதனையைப் பொறுமையோடு தாங்குமாறு வேண்டினார். அகதிகளின் துயர் துடைக்க நிவாரண நிதியமொன்றும் தொடங்கப்பட்டது.

அன்பர்களே! தொண்டு என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது தர்மமும் நன்கொடையுமே. காயிதே ஆஸமின் பார்வை அதனினும் விரிந்தது. 1947 ஓகஸ்ட் 11ஆம் திகதி அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில், இலஞ்சம், கறுப்புச் சந்தை, உறவினருக்குச் சலுகை காட்டல் ஆகியவற்றைச் சமூகத்தை அரிக்கும் தீமைகளாக அவர் சுட்டிக் காட்டினார். ஆலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ செல்லும் சுதந்திரம் அனைவருக்கும் உண்டென்றும் அவ்வுரையில் உறுதியளித்தார். நேர்மையாக உழைப்பதும் அயலவரின் உரிமையைக் காப்பதும் தொண்டின் பகுதியே என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம்.

சொன்னதைத் தன் வாழ்விலும் அவர் காட்டினார். 1939இல் எழுதிய உயிலில் தமது சொத்தின் பெரும்பகுதியைக் கல்வி நிலையங்களுக்கே எழுதிவைத்தார். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், பெஷாவர் இஸ்லாமியாக் கல்லூரி, தாம் இளமையில் பயின்ற கராச்சி சிந்து மதரஸா ஆகியன அவற்றுட் சில. கடும் நோயுற்றிருந்த நிலையிலும், 1948 ஜூலை 1ஆம் திகதி கராச்சிக்கு வந்து அரச வங்கியைத் திறந்துவைத்தார். அவ்வாண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி காலமானார்.

எனினும் வரலாற்றைப் படிப்போர் புகழுரையோடு நின்றுவிடலாகாது. 1948 மார்ச் மாதம் காயிதே ஆஸம் டாக்காவுக்குச் சென்றார். மாகாண உணர்வு ஒற்றுமையைக் குலைத்துவிடும் என எச்சரித்தார். அத்தோடு, மாகாண அளவில் வங்காளத்தைப் பயன்படுத்தலாமாயினும், நாட்டின் அரச மொழி உருது மட்டுமே என்றும் அறிவித்தார். அன்று பாகிஸ்தான் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் தாய்மொழி வங்காளமாகும். டாக்காப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் இதை அவர் மீண்டும் கூறியபோது, மாணவர்கள் சிலர் அங்கேயே மறுப்புக் குரல் எழுப்பினர்.

அவர்களும் முஸ்லிம்களே, அந்நாட்டின் பிள்ளைகளே. அவர்கள் வேண்டியது தம் தாய்மொழிக்குரிய மதிப்பை. 1952 பெப்ரவரி 21ஆம் திகதி மொழியுரிமை கோரிய மாணவர்கள்மீது டாக்காவில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது, உயிர்கள் பலியாகின. 1956ஆம் ஆண்டு அரசியலமைப்பு வங்காளத்தையும் அரச மொழியாக ஏற்றது. ஆனால் மனங்களில் விழுந்த பிளவு ஆறவில்லை. பொருளாதார, அரசியல் காரணங்களும் சேர, 1971இல் பங்களாதேஷ் தனி நாடாயிற்று. மொழிகளின் வேறுபாடு அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்றென அல்குர்ஆனின் அர்ரூம் அத்தியாயம் உணர்த்துகின்றதே! அதனைப் பிளவென்று அஞ்சலாமா?

இளைஞர்களே! ஒற்றுமை என்பது எல்லோரும் ஒரே குரலில் பேசுவதன்று. வேறு குரலில் பேசும் சகோதரனுக்கும் அதே பாயில் இடமளிப்பதாகும். எமது ஊர்களில் ஜமாஅத்தின் பெயராலும், ஊரின் பெயராலும், குடும்பத்தின் பெயராலும் எத்தனை சுவர்கள் எழுப்பியிருக்கின்றோம்! ஒற்றுமை பேசும் நாமே, எம் கருத்தோடு ஒத்துப்போகாதவரின் ஸலாத்துக்குப் பதிலளிக்கத் தயங்குகின்றோமல்லவா?

பெற்றோர்களே! வீட்டில் உங்கள் பிள்ளை மாற்றுக் கருத்துச் சொன்னால் முதலில் செவிமடுங்கள். உறவினருக்காகத் தகுதியுள்ள ஒருவரின் இடத்தைப் பறிக்காதிருங்கள். அயலவர் எம்மதத்தவராயினும், அவரது துன்பத்தில் முதலில் சென்று நிற்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். காயிதே ஆஸமின் அழைப்பிலுள்ள நன்மையையும், அதன் பின் நிகழ்ந்த தவறின் படிப்பினையையும் சேர்த்தே பெற்றுக்கொள்வோமாக.

வல்ல அல்லாஹ் எமது உள்ளங்களை இணைத்து, பிறருக்குப் பயன்படும் சமூகமாக எம்மை ஆக்குவானாக. ஆமீன்.